மவேலாவுக்குத் தண்ணீர் வந்த நாள்

மவேலா
11 நவம்பர் 2024

கிளிபோட் அண்ணைக்கு,

கனடாவில் உங்களுடைய அஜக்ஸ் விலாசத்தைக் கொழும்பில் இருக்கும் தம்பி மாக்கஸிடம் வாங்கினேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு தங்கச்சிக்கு அண்ணனின் விலாசம் எதற்கு என்று கேட்பதற்கு அவனுக்கும் வெட்கமாக இருந்திருக்கும்.

தொலைபேசி இருக்கக் கடிதம் என்னத்துக்கு என்று நினைப்பீர்கள். எங்களுடைய இரண்டு போனையும் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. மகள் செரீனாவின் போனில் கதைத்தால் அதுவும் போய்விடும். தபாலையும் உடைத்துப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். உங்களைப் போல ஆபிரிக்காவுக்கு ஒப்பந்தத்தில் வந்த தமிழ் ஆட்கள் எல்லாரும் லண்டன், கனடா என்று போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த மாகாணத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். என் பிள்ளைக்கே தெரியாது. எழுதி எத்தனையோ காலம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் 17ஆம் திகதி கொட்பிறியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த ஊரில் பிறந்த என் கணவர். நீங்கள் இங்கே எஞ்சினியராக இருந்தபோது உங்களிடம் வேலை மேற்பார்வையாளராக இருந்தவர் என்று சொன்னால் உங்களுக்குக் கெதியாக நினைவு வரும்.

போன மழைக்கு இங்கே வாந்திபேதி வந்தது. நாற்பத்தொரு பேர் செத்தார்கள். நான் படிப்பிக்கும் வகுப்பில் இரண்டு கதிரை வெறுமையாக இருக்கிறது. சனம் வீதியை மறித்துக்கொண்டு, 2002இல் ஜனாதிபதி வந்து திறந்துவைத்த நீர்த்திட்டம் எங்கே என்று கேட்டது. அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. 2002இல் நீர்வள மந்திரியாக இருந்தவர் போன தேர்தலுக்கு இரண்டு மாதம் முந்திக் கட்சி மாறி, இந்த அரசாங்கத்தில் உள்நாட்டு மந்திரியாக இருக்கிறார். பொலிஸ் அவருக்குக் கீழே. அவரிடம் யார் போய்க் கேட்பது? வேலை முடிந்தது என்ற சான்றிதழில் இரண்டு கையெழுத்துத்தான் இருக்கிறது. ஒன்று உங்களுடையது, மற்றது கொட்பிறியுடையது. நீங்கள் கனடாவில். அவர் வீட்டில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பொய்ச் சான்று கொடுத்து ஊரை ஏமாற்றியதாக வழக்கு. பத்து வருடம் கிடைக்கும் என்கிறார் சட்டத்தரணி. கொட்பிறிக்கு அறுபத்திரண்டு வயது, சலரோகமும் இருக்கிறது. பத்து வருடம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளங்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சான்றிதழ் எப்படி எழுதப்பட்டது என்று, நடந்ததை நடந்தபடி ஒரு சத்தியக்கடதாசியில் எழுதி அனுப்புங்கள். ஏப்ரல் 2ஆம் திகதி விசாரணை. அதற்குள் வந்தால் போதும்.

அவரைக் கொண்டுபோன அன்றைக்கு அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பிறகு எழும்பி இரண்டு பேருக்குச் சமைத்தேன், மூன்று பேருக்கு இல்லை. இவ்வளவு கெதியாகக் கை பழகிவிடுகிறது.

றோஸ்மேரி


அஜக்ஸ்
8 டிசெம்பர் 2024

அன்பின் றோஸ்மேரிக்கு,

உன்னுடைய 11.11.2024 திகதியிட்ட கடிதம் 2ஆம் திகதி கிடைத்தது. நீயும் மகளும் சுகம் என்று நம்புகிறேன். நாங்கள் ஆண்டவர் கிருபையால் சுகம். உன் மச்சாள் மக்டலீனுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்தது. மகன் மரியோ ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியிருக்கிறான். நான் இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வெடுத்துவிட்டேன். இந்த முறை பனி முந்திக் கொட்டத் தொடங்கிவிட்டது.

உன் கணவருக்கு நேர்ந்தது பற்றி மிகவும் கவலை. ஆனால் நீ கேட்கிற விஷயத்தில் எனக்குச் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. எங்கள் ஆட்களிடம் இருந்த பழக்கம் உனக்குத் தெரியாமல் இருக்காது. லீவில் போகமுன் பத்துப் பதினைந்து வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போவோம். நாங்கள் இல்லை என்று வேலை நிற்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்தது. அப்படி வைத்த படிவம் ஒன்றை யாரோ நிரப்பியிருக்கிறார்கள். யார், எப்போது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எப்படிச் சத்தியம் பண்ணி எழுதுவது?

அங்கேயுள்ள நிலைமை இப்படி என்றால், மகளை இங்கே படிக்க அனுப்புவதைப் பற்றி யோசி. விண்ணப்பம் நிரப்புகிற வேலையை நானே பார்க்கிறேன். எங்கள் நிலக்கீழ் அறை சும்மாதான் கிடக்கிறது.

இங்கே சனிக்கிழமைகளில் தமிழ்ப் பூசை நடக்கிறது. உங்களுக்காகச் செபிக்கிறோம்.

இப்படிக்கு,
சூ. கிளிபோட்


மவேலா
4 ஜனவரி 2025

அண்ணை,

ஆளைப் பேய்க்காட்டாதேங்கோ.

2002இல் நீங்கள் லீவு எடுக்கவே இல்லை. அம்மா செத்த முப்பத்தோராம் நாள் பூசைக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. "வேலை முடியிற கட்டம், விட்டிட்டுப் போகேலாது" என்று சொன்னீர்கள். நான் தனியப் போய் வந்தேன். இதை யார் மறந்தாலும் நான் மறப்பேனா?

வெற்றுப் படிவமாம். அந்தக் கதை வடிவான கதை, ஒத்துக்கொள்கிறேன். எத்தனை வருடமாக இதை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மச்சாளும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாவா?

திறப்பு விழாவில் நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். பிள்ளைகளுக்கு வரவேற்புப் பாட்டுப் பழக்கியவள் நான். ஜனாதிபதி குழாயைத் திறந்தார், தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது, கிழவிகள் மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. அன்றைக்குப் பின்னேரம் என் வகுப்புப் பிள்ளைகள் குடத்தோடு போனார்கள். குழாயில் காற்றுத்தான் வந்தது. "நாளைக்கு வரும்" என்று நான்தான் அவர்களுக்குச் சொன்னேன்.

பிறகு மூன்று அரசாங்கம் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு வந்து, அதே மலையடியில் புதிதாக ஓர் அடிக்கல் நாட்டியது. ஒவ்வொரு கல்லுக்கும் பந்தல், மேளம், ரீசேட். இப்போது அந்தக் கல்லுகளில் ஆடு கட்டுகிறார்கள். இங்கே ஒருத்தருக்கும் இதில் கோபம் வருவதில்லை. எனக்கும் வராது. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போவோம். ஆட்கள் செத்த பிறகுதான் கோபம் வந்தது, அதையும் வாங்கிக் கொட்பிறியின் தலையில் கட்டிவிட்டார்கள்.

கொட்பிறியைக் கிழமைக்கு ஒரு தடவை பார்க்க விடுகிறார்கள். உங்களுடைய வெற்றுப் படிவக் கதையை அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. "அவருக்குக் கொஞ்சம் நேரம் கொடு. அவர் எழுதுவார். எனக்கு வாக்குத் தந்தவர்" என்றார். என்ன வாக்கு என்று கேட்டேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் என்று சொல்லிவிட்டார்.

என்ன வாக்கு, அண்ணை?

மகளை அனுப்பச் சொல்லி எழுதியதற்கு நன்றி. அவள் தாதிப் படிப்புப் படிக்கிறாள். சிறைக்கு இன்சுலின் கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான். அதனால் உங்களுடைய நிலக்கீழ் அறை கொஞ்சக் காலம் சும்மா கிடக்கட்டும்.

றோஸ்மேரி


அஜக்ஸ்
27 ஜனவரி 2025

றோஸ்மேரி,

உன் கடிதத்தை மக்டலீன் எடுத்து வாசித்துவிட்டாள். வீட்டில் பெரிய பிரச்சினை. "உங்களுக்கென்ன விசரே? பென்சனை எடுத்துக்கொண்டு சும்மா இருக்கேலாதே? அவள் தான் தேடினதை அனுபவிக்கிறாள், அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்று நிற்கிறாள். மரியோ வந்து, "டாட், டோன்ற் கெற் இன்வோல்வ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு முழுக் கதையும் தெரியாது.

நான் ஒன்றும் செய்யவில்லை என்று நீ நினைக்கக்கூடாது. மார்க்கம் நகரில் ஒரு தமிழ்ச் சட்டத்தரணியிடம் போனேன். பிரவீனன் என்று பெயர், கெட்டிக்காரப் பெடியன். என் சிநேகிதன் ஒருத்தனுக்கு நடந்தது என்று சொல்லித்தான் கதையைத் தொடங்கினேன். அவன் சிரித்துப்போட்டு, "அங்கிள், உங்கடை சிநேகிதன் உதிலை சைன் வைச்சால் அங்கை அவற்றை பேரிலை வாரண்ட் வரும். ஒண்டும் எழுதாட்டி ஒருத்தரும் அவரைத் தேடிக் கனடா வரமாட்டினம். சும்மா இருக்கிறதுதான் பெஸ்ற்" என்றான்.

வாக்கு என்று எதுவும் எனக்கு நினைவில்லை. இருபத்திரண்டு வருடம். எத்தனை வேலை, எத்தனை சான்றிதழ்.

ஒன்று கேட்கிறேன். நான் எழுதினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? ஆணைக்குழுத் தலைவரை நியமித்ததே அந்த மந்திரிசபை. அந்த நாட்டில் எந்த ஆணைக்குழுவின் அறிக்கை வெளியே வந்தது? எங்கள் நாட்டில்தான் எது வந்தது? இங்கேயிருந்து ஒரு கடதாசி போய் எல்லாத்தையும் மாற்றிவிடும் என்று நம்புகிற வயதா உனக்கு?

நான் அப்போதே சொன்னேன், அவனைக் கட்டாதே என்று. நீ கேட்கவில்லை.

தயவுசெய்து இனி இதுபற்றி எழுதாதே.

கிளிபோட்


மவேலா
16 பெப்ரவரி 2025

அண்ணை,

இது கடைசிக் கடிதம். சுருக்கமாக எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மந்திரியின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மரியாதையான மனிதர். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். தேத்தண்ணீர் குடித்தார். செரீனாவின் படிப்பைப் பற்றி விசாரித்தார். பிறகு ஒரு கடதாசியை மேசையில் வைத்தார். மந்திரிக்கு ஒன்றும் தெரியாது, வெளிநாட்டு எஞ்சினியர் எல்லாரையும் ஏமாற்றினார், நானும் ஏமாந்து கையெழுத்து வைத்தேன் என்று கொட்பிறி சொல்வதாக எழுதியிருந்தது. கீழே இடம் விட்டிருந்தது. அவர் அதில் கையெழுத்து வைத்தால் சாட்சி ஆகிவிடுவார், வீட்டுக்கு வரலாம்.

"இதால ஒருத்தருக்கும் நட்டமில்லை, மடம்" என்றார் வந்தவர். "அந்த எஞ்சினியர் எங்கேயோ தூரத்தில் இருக்கிறார். அவருக்கு இது தெரியவும் வராது."

தான் உங்களுடைய தங்கச்சியோடுதான் கதைக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

வெள்ளிக்கிழமை அதைச் சிறைக்குக் கொண்டுபோய்க் கொட்பிறியிடம் காட்டினேன். வையுங்கோ என்று கேட்டேன். கும்பிட்டுக் கேட்டேன். எனக்கு உங்கள் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை, அண்ணை, சத்தியமாகச் சொல்கிறேன். அவர் கடதாசியை மடித்து என் கையில் திருப்பித் தந்தார். "பொய். அவர் என்னை ஏமாற்றவில்லை. கேட்டார், நான் வைத்தேன். பிழைத்தால் வந்து நின்று சொல்வதாக வாக்குத் தந்தார். அவர் வருவார்" என்றார்.

வரமாட்டார் என்றேன். உங்களுடைய ஜனவரிக் கடிதத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னேன். "அது பயத்தில் எழுதியது" என்று சொல்லிவிட்டார். அவருக்கு உங்களில் இருக்கிற மரியாதை எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

அவருடைய கால் விரல் ஒன்று கறுத்துவிட்டது. சிறை வைத்தியர் வெட்ட வேண்டும் என்கிறார்.

அதனால் இப்போது நான் கேட்பது வேறு. சத்தியக்கடதாசி வேண்டாம். "நான் எழுதமாட்டேன், என்னை எதிர்பார்க்காதே" என்று அவருடைய பேருக்கு ஒரு வரி, ஆங்கிலத்தில், உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அதைக் கண்டால் அவர் உங்களை நம்புவதை விட்டுவிடுவார். விட்டால் கையெழுத்து வைப்பார். வைத்தால் வீட்டுக்கு வருவார்.

ஒரு வரிதான். அதையாவது செய்யுங்கள்.

றோஸ்மேரி


அஜக்ஸ்
9 மார்ச் 2025

அன்புள்ள றோசி,

அந்த ஒரு வரியை எழுத இருந்தேன். மூன்று தரம் இருந்தேன். "Dear Godfrey" என்று எழுதிய பிறகு கை போகவில்லை. இவ்வளவு காலம் எழுதாமல் இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. எழுதமாட்டேன் என்று எழுதுவது முடியவில்லை.

அதனால் மற்றதைச் செய்திருக்கிறேன். சத்தியக்கடதாசி இத்துடன் இருக்கிறது, ஆங்கிலத்தில், ஏழு பக்கம். பிரவீனனின் அலுவலகத்தில் வைத்துக் கையெழுத்திட்டேன். அவன், "அங்கிள், வடிவா யோசிச்சனீங்களோ?" என்று இரண்டு தரம் கேட்டான். ஓம் என்றேன். பெரிதாக ஏதோ நடக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்து கார்க் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிவிட்டு 401 நெடுஞ்சாலையில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அதில் இருப்பதை உனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நீ கேட்டாய், என்ன வாக்கு என்று.

அப்போது மலையில் தாங்கி கட்டியாயிற்று. ஊருக்குள் குழாய் புதைத்தாயிற்று. பம்பு மட்டும் வரவில்லை. மூன்று பம்பு வந்து இறங்கியதாகத் துறைமுகக் கடதாசி இருந்தது. ஒரு பெட்டியைக்கூட நான் கண்ணால் காணவில்லை. ஆற்றுத் தண்ணீரை மலைக்கு ஏற்றப் பம்பு இல்லையென்றால் மிச்சமெல்லாம் வெறும் சீமெந்து. அந்த நேரம் தேர்தல் வந்தது. இன்னும் பத்து நாளில் ஜனாதிபதி குழாயைத் திறக்கிறார் என்று அமைச்சின் செயலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தண்ணீர் இல்லை, சேர்" என்றேன்.

"நீங்கள் எஞ்சினியர், ஒரு வழி இருக்கும்தானே?" என்றார்.

அவர் என்னை வெருட்டவில்லை. அதை நீ நம்ப வேண்டும். ஒருத்தரும் என்னை வெருட்டவில்லை. வழி சொன்னது நான்.

பந்தலுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்ப் பவுசர் லொறியை நிறுத்தி, அதிலிருந்து குழாய்வரைக்கும் ஓர் அடி ஆழத்தில் ஹோஸ் புதைத்தேன். மேலே புல்லோடு மண்ணை வெட்டி வைத்து மூடினேன். பவுசர் நிலத்தில் நின்றால் அமுக்கம் காணாது என்று கணக்குப் பார்த்து, மண்மேடு போட்டு அதன்மேல் ஏற்றினேன். விழாவுக்கு முதல் நாள் திறந்து பார்த்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, றோசி. பயமோ வெட்கமோ இல்லை, ஒரு வேலையைத் திறமாகச் செய்த சந்தோஷம். மேடையில் வைத்து ஜனாதிபதி என் கையைக் குலுக்கியபோதும் அது இருந்தது. இதைத்தான் என்னால் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல முடியவில்லை.

அடுத்த கிழமை சான்றிதழ் வந்தது. நிரப்பித்தான் வந்தது, ஒரு கோடும் வெறுமையாக இருக்கவில்லை. நான் வைத்தேன். கொட்பிறி மாட்டேன் என்றான். "பம்பு வரட்டும், சேர். வருகிற அன்றைக்கே வைக்கிறேன்" என்று இரண்டு நாள் அதை மேசை லாச்சியில் பூட்டி வைத்திருந்தான். நான் அவனைக் கூப்பிட்டேன். "நீ வை. எப்போதாவது இது பிழைத்தால் எஞ்சினியர் நான்தான். எங்கே இருந்தாலும் வந்து நின்று சொல்வேன். இது என் வாக்கு" என்றேன். அவன் லாச்சியைத் திறந்து சான்றிதழை எடுத்தான். பிறகு வைத்தான்.

எனக்கு என்ன அவசரம் என்று கேட்பாய். கனடா விண்ணப்பத்துக்குப் பத்து வருட அனுபவத்தை உறுதிப்படுத்தி அமைச்சு ஒரு கடிதம் தர வேண்டும். அது செயலாளரின் மேசையில் எட்டு மாதமாகக் கிடந்தது. சான்றிதழ் போன மறுநாள் என் கைக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இந்த வீடு, மரியோவின் படிப்பு, என் பென்சன் எல்லாம் அந்த ஒரு பக்கக் கடிதத்தின்மேல்தான் நிற்கின்றன.

பிறகு நீ வந்து கொட்பிறியைக் கட்டப்போகிறேன் என்றாய். நான் நிறத்தைச் சொல்லிக் கத்தினேன். சனம் என்ன சொல்லும் என்று கத்தினேன். அது பொய்யில்லை, நிறமும் மனதில் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரே மேசையில் அவனுக்கு முன்னால் இருந்து சாப்பிட வேண்டுமே என்பதுதான் பெரிதாக இருந்தது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? நிறத்தைச் சொல்வது சுலபமாக இருந்தது. வீட்டில் எல்லாரும் உடனே விளங்கிக்கொண்டார்கள்.

இங்கே எனக்கு எஞ்சினியர் வேலை கிடைக்கவில்லை. பதினேழு வருடம் வீடுகளின் குழாய் வேலையைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டராக இருந்தேன். ஒரு பேஸ்மன்ற் குளியலறைக்குக்கூடப் பிழை இருந்தால் கையெழுத்து வைக்கமாட்டேன். தமிழ்ச் சனம் திட்டித் தீர்த்தது. "உந்தாள் கல்லு, உந்தாளிட்டைக் கேட்டு வேலையில்லை" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இப்படியே இருந்தால் மவேலாவில் வைத்த அந்தக் கையெழுத்தைக் கழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மந்திரியின் பேர், செயலாளரின் பேர், துறைமுகக் கடதாசியின் இலக்கம், எல்லாம் எழுதியிருக்கிறேன். கொட்பிறி மறுத்தான், நான் வைக்க வைத்தேன் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். கூப்பிட்டால் வருவேன் என்றும் எழுதியிருக்கிறேன். மக்டலீன் மூன்று நாளாகக் கதைக்கவில்லை.

அவனிடம் சொல், பிந்திவிட்டது, மன்னிக்கச் சொல்லி.

அண்ணா


மவேலா
4 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு,

கொட்பிறி வீட்டுக்கு வந்துவிட்டார். முதலில் அதைச் சொல்கிறேன். இரண்டு விரல் எடுத்தாயிற்று. சாப்பிடுகிறார், நித்திரை கொள்கிறார்.

உங்களுடைய கடதாசி மார்ச் 24ஆம் திகதி வந்தது. அடுப்படியில் இருந்து வாசித்தேன். அதற்கு முதல் உங்களை எப்போது நினைத்தாலும் கோபம் வரும். வாசித்து முடிய அது போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒன்றும் வரவில்லை.

சட்டத்தரணியிடம் கொண்டுபோனேன். அவர் நேர்மையான மனிதர். மெதுவாக வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது உண்மை. இதைக் கொடுத்தால் பதிவில் இருக்கும். ஐம்பது வருடம் கழித்து யாராவது படிப்பார்கள். உங்கள் கணவருக்குப் பத்துக்குப் பதிலாக ஏழு வருடம் கிடைக்கலாம்" என்றார். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் ஜனவரியில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். நீங்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

பிறகு மந்திரியின் ஆளுக்குத் தகவல் அனுப்பினேன். மறுநாளே வந்தார். ஏழு பக்கத்தின் பிரதியைக் காட்டினேன். அவர் தேத்தண்ணீரைக் கையால் தொடவில்லை. "மூலப்பிரதி எங்கே?" என்று கேட்டார். கொட்பிறி வீட்டு வாசலைத் தாண்டும் நாளில் தருகிறேன் என்றேன். நான் இப்படியெல்லாம் கதைப்பேன் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அவர்களுடைய கடதாசியில் கொட்பிறி கையெழுத்து வைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் உங்களுடைய ஏழு பக்கத்தையும் சிறைக்குக் கொண்டுபோனேன். கொட்பிறி கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து முழுவதையும் வாசித்தார். அவர் மறுத்ததை நீங்கள் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து இன்னொரு தரம் வாசித்தார். "பார்த்தாயா, வந்துவிட்டார்" என்றார். அவ்வளவு சந்தோஷத்தை அவருடைய முகத்தில் நான் எங்கள் கலியாணத்தன்றுகூடக் காணவில்லை.

பிறகு, "மற்றக் கடதாசியைத் தா" என்றார். வாங்கி, வெளிநாட்டு எஞ்சினியர் எல்லாரையும் ஏமாற்றினார் என்பதற்குக் கீழே கையெழுத்து வைத்தார். "அவர் வாக்கைக் காப்பாற்றிவிட்டார். இனி நான் யாருக்காகப் பிடிவாதமாக இருக்கிறது?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் வைத்த கையெழுத்து அரைப் பொய். இது முழுப் பொய். வீட்டுக்கு வந்த பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னேரத்தில் வாசலில் கதிரையைப் போட்டு, தெருவில் போகிற சனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செத்த பிள்ளை ஒன்றின் தாய் போனால் மட்டும் எழும்பி உள்ளே வந்துவிடுகிறார்.

மூலப்பிரதியைக் கொடுத்துவிட்டேன். பிரதியையும் வாங்கிக்கொண்டார்கள். ஆணைக்குழு அறிக்கையில் உங்கள் பேர் வரும். உங்களைப் பிடிக்க ஆள் அனுப்பமாட்டார்கள். நீங்கள் வந்து கதைப்பது அவர்களுக்கு விருப்பமில்லை.

ஒன்றை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். உங்களிடம் இன்னொரு பிரதி இருந்தால், அதை நீங்கள் எங்கேயாவது கொடுத்தால், கொட்பிறி பொய்ச்சாட்சி சொன்னவர் ஆகிவிடுவார். திரும்பவும் உள்ளே போவார். இந்தமுறை வரமாட்டார். அதனால் கிழித்துவிடுங்கள். பேப்பர்க்காரர் யாராவது கேட்டாலும் வெற்றுப் படிவக் கதையையே சொல்லுங்கள். அது நல்ல கதை.

நான் செய்தது சரி என்று சொல்லவில்லை. அவர் பக்கத்து அறையில் இருமுகிறார், எனக்குக் கேட்கிறது.

றோசி


அஜக்ஸ்
1 ஜூன் 2025

அன்புள்ள றோசிக்கு,

கடிதம் கிடைத்தது. பிரவீனனின் அலுவலகத்தில் ஒரு பிரதி இருந்தது. போய் வாங்கி வந்து கிழித்துவிட்டேன். "என்ன அங்கிள், கேஸ் முடிஞ்சுதோ?" என்று கேட்டான். முடிஞ்சுது என்றேன். "நான் சொன்னனான்தானே" என்றான், எதைச் சொன்னான் என்று தெரியவில்லை.

ஆணைக்குழு அறிக்கையை மரியோ இணையத்தில் கண்டுபிடித்தான். என் பேர் பதினான்கு இடத்தில் வருகிறது. நான் தனியொருவனாகத் திட்டமிட்டு ஜனாதிபதியையும் மந்திரியையும் மவேலா மக்களையும் ஏமாற்றினேனாம். பவுசரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், என்னுடைய சத்தியக்கடதாசியில் இருந்தே எடுத்து, நான் எழுதிய அதே வசனத்தில். மந்திரி மக்களிடம் அனுதாபம் தெரிவித்திருக்கிறார்.

மரியோ வாசித்துவிட்டு, "இது உண்மையா, டாட்?" என்று கேட்டான். உண்மை எது, பொய் எது என்று பிரித்துச் சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் அவன் சும்மா இருக்கமாட்டான், யாருக்காவது எழுதுவான். ஓம் என்றேன். அவன் எழும்பி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இன்னும் போன் எடுக்கவில்லை.

அதில் உனக்குக் கவலை வேண்டாம். கொட்பிறியின் காலைக் கவனி. புண்ணில் ஈரம் படக்கூடாது. மச்சான் எப்படி என்று நான் கேட்டதாகச் சொல்.

மக்டலீன் திரும்பக் கதைக்கத் தொடங்கிவிட்டாள். வெற்றுப் படிவக் கதையைத்தான் அவள் இப்போதும் நம்புகிறாள். இனி என்னிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், றோசி. இருபத்திரண்டு வருடமாக நான் ஆண்டவரிடம் மன்றாடியது அது ஒன்றைத்தான். தந்துவிட்டார்.

அண்ணா